பழைய எண், மங்கலான கேலக்ஸி: எந்த வழியில் அடையாளம் காண்பது?

கன்னி ராசிப் பக்கம் எம்58 என்று ஒரு கேலக்ஸி இருக்கிறது. அதிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே 1 பாகை 54 கலை நகர்ந்தால் எம்91 கிடைக்க வேண்டும். 1781இல் பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியர் தன் பட்டியலில் குறித்த இடம் அதுதான். ‘எம்’ என்பது அவர் பெயரின் முதலெழுத்து. தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. அவருடைய சின்னத் தொலைநோக்கியில் தெரிந்திருக்கக்கூடிய எதுவும் இல்லை என்பதே சரியான வாக்கியம். இப்படி 188 ஆண்டுகள் எம்91 என்பது ஆளில்லாத பெயராகவே கிடந்தது.

ஒரு சொல் விளக்கம் சொல்லிவிடுகிறேன். பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. நம் பழைய சொற்கள்தான். இவற்றைக் கோணத்துக்கு வைத்துக்கொண்டால் ‘நிமிடம்’, ‘விநாடி’ இரண்டையும் நேரத்துக்கு ஒதுக்கிவிடலாம். பழைய அட்டவணைகளில் கிழக்கு மேற்கு நிலையை, அதாவது வல ஏற்றத்தை, நேரத்திலும், வடக்கு தெற்கு நிலையை, அதாவது வானத்தின் நடுவரைக் கோட்டிலிருந்து உள்ள விலக்கத்தை, கோணத்திலும் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘மினிட்’. அதில் வழுக்கி விழாதவர்கள் குறைவு.

எம்91 தனி வழக்கு இல்லை. ஜான் டிரையர் 1888இல் வெளியிட்ட புதிய பொது அட்டவணையில், அதாவது என்ஜிசியில், 7840 எண்கள். பிறகு 1895இலும் 1908இலும் வந்த இரண்டு ஐசி பின்னிணைப்புகளில் இன்னும் 5386. அயர்லாந்தின் அர்மா ஆய்வகத்தில் உட்கார்ந்து இதைத் தொகுத்த டிரையர் எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்தவர் அல்ல. பல நாடுகளில் பலர் பலவிதக் கருவிகளில் பார்த்து எழுதியதைத் திரட்டி, ஒரே ஆண்டுக்குக் கணக்கிட்டு, ஒரே வரிசையில் அடுக்கினார். அச்சில் எல்லா வரியும் ஒரே மாதிரி நிற்கும். ஆனால் ஒவ்வொரு வரியின் யோக்கியதையும் அதைக் கண்டுபிடித்தவரின் யோக்கியதைதான். சில எண்களுக்கு நேரே வெற்றிடம், சில இடங்களில் ஒரே கேலக்ஸிக்கு இரண்டு எண். ஐசியின் முதல் எண்ணே ஒரு ஜோடி நட்சத்திரம்தான்.

இப்படி ஓர் எண் கையில் மாட்டினால் என்ன செய்வது? என்ஜிசி முழுவதையும் பார்த்து முடிக்கக் கிளம்பியவருக்கும், வரைபடத்தில் பெயர் எழுத உட்கார்ந்தவருக்கும் இது நிஜமான கேள்வி. வழிகள் பல. நான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, சிலவற்றைக் கைவிட்டவன்.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது: அச்சிட்ட இடத்துக்கு அருகில் எது இருக்கிறதோ அதுதான். எளிது, வேகமானது, கணினியிடமே விட்டுவிடலாம். ஆனால் அச்சிட்ட இடத்துக்குப் போய்ச் சேருவதற்கே இரண்டு பள்ளங்களைத் தாண்ட வேண்டும். டிரையர் தருவது நடுவரை விலக்கம் அல்ல, வட துருவத்திலிருந்து உள்ள தூரம். 90இலிருந்து கழித்தால்தான் விலக்கம். நான் முதன்முதலில் செய்தபோது 75 பாகைத் துருவத் தூரத்தை அப்படியே விலக்கமாக எடுத்துக்கொண்டு, சிம்மத்தில் இருக்க வேண்டியதைத் துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் தேடினேன். இரண்டாவது, அவர் எண்கள் 1860ஆம் ஆண்டு வானத்துக்கானவை. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று கழிக்கிறார்களே, அதே அசைவு இங்கேயும் உண்டு. 1860க்கும் 2000க்கும் இடையில் வல ஏற்றம் சராசரியாக 7 நிமிடம் நகர்ந்துவிடும். விலக்கம், இடத்தைப் பொறுத்து, 47 கலை வரை மாறும். அதாவது முழு நிலவின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு.

சரி, இரண்டையும் தாண்டி வந்துவிட்டோம். எம்91க்கு இந்த வழி என்ன சொல்கிறது? மெசியர் குறித்த இடத்துக்கு அருகில், ஏற்கெனவே வேறு மெசியர் எண் வாங்காத, ஓரளவு ஒளியுள்ள கேலக்ஸி என்றால் என்ஜிசி 4571. சுமார் அரைப் பாகைத் தூரம். இன்னொன்று, என்ஜிசி 4548, ஏறக்குறைய ஒரு பாகை தள்ளி இருக்கிறது. அருகாமைதான் நியாயம் என்றால் 4571 ஜெயிக்கும். அது தவறான பதில். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வழியை மொத்தமாகச் செய்து காட்டியது 1973இல் அரிசோனாவிலிருந்து வந்த திருத்தப்பட்ட என்ஜிசி. ஜாக் சுலென்டிக், வில்லியம் டிஃப்ட் இருவரும் அமெரிக்காவின் பாலோமர் ஆய்வகம் எடுத்த வான்படங்களில் ஒவ்வோர் எண்ணையும் தேடினார்கள். உழைப்பு பெரிது, குறை சொல்ல மனம் வராது. ஆனால் அச்சிட்ட இடத்தில் எதுவும் இல்லையென்றால் ‘இல்லாத பொருள்’ என்று குறித்துவிட்டார்கள். அப்படிக் குறிக்கப்பட்டவை பல நூறு. பக்கத்தில் வேறு எதுவோ இருந்தால் அதற்கே அந்த எண் போனதும் உண்டு. அந்தக் குறிப்புகள் பிறகு வரைபடங்களுக்கும் மென்பொருள்களுக்கும் ஒன்றைப் பார்த்து ஒன்று என்று பரவின. ‘இல்லாதவை’ என்று தள்ளப்பட்டவற்றில் நிறையப் பின்னாளில் கிடைத்துவிட்டன. கொஞ்சம் தள்ளி, நிம்மதியாகத்தான் இருந்திருக்கின்றன.

இன்றைக்கு இந்த வழி இன்னும் மோசமாகியிருக்கிறது என்பது என் கருத்து. பாலோமர் படத்தில் ஓரிடத்தைச் சுற்றி நாலு கேலக்ஸி தெரிந்தால், இப்போதுள்ள ஆழமான டிஜிட்டல் படங்களில் நாற்பது தெரிகிறது. எங்கே விரல் வைத்தாலும் பக்கத்தில் ஏதோ ஒரு மங்கல் இருக்கும். அதை எடுத்துப் பெயர் சூட்டிவிடலாம். 19ஆம் நூற்றாண்டு ஆள் கண்ணால் பார்த்தது அதுவாக இருக்கவே முடியாது. இந்த வேலைக்கு ஆழம் குறைந்த பழைய படமே மேல்.

அடுத்த வழி, வர்ணனையைப் பொருத்திப் பார்ப்பது. என்ஜிசியில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே சுருக்கெழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘வி.எஃப், வி.எஸ், ஆர்’ என்றால் மிக மங்கல், மிகச் சிறியது, வட்டம். ‘பி.எம்’ என்றால் நடுவில் ஒளி கூடுகிறது. படிக்கப் படிக்க இது ஏதோ அங்க அடையாளம் போலத் தோன்றும். ஆனால் மங்கலான கேலக்ஸிகளில் பாதிக்கு மேல் மிக மங்கல், மிகச் சிறியது, வட்டம்தான். ‘மாநிறம், நடுத்தர உயரம்’ என்று போலீஸ் அறிவிப்பு போடுவது மாதிரி.

அதோடு, ‘மிக மங்கல்’ என்பது யார் சொன்னது என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சொன்னால் அது 18.7 அங்குல உலோகக் கண்ணாடியில் பார்த்த மங்கல். கோபன்ஹேகனில் டாரெஸ்ட் சொன்னால் 11 அங்குல லென்ஸில் பார்த்தது. அமெரிக்கரான லூயிஸ் ஸ்விஃப்டுக்கு ஒரு ‘மிகமிக’ போதவே போதாது. ‘இ.இ.இ.எஃப்’ என்று மூன்று தடவை எழுதுவார். மூன்று ‘இ’க்கும் இரண்டு ‘இ’க்கும் என்ன வித்தியாசம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

எம்91க்கு மெசியர் எழுதியது இவ்வளவுதான்: நட்சத்திரம் இல்லாத நெபுலா (மேகம் போன்ற மங்கல் ஒளி), கன்னியில், எம்90க்கு மேலே, அதைவிட மங்கல். என்ஜிசி 4571, 4548 இரண்டுமே எம்90க்கு வடக்கே இருக்கின்றன, இரண்டுமே அதைவிட மங்கல். வர்ணனை இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறது. இங்கே உதவுவது வர்ணனையைவிடப் பார்த்தவரின் திறன். 4548இன் பொலிவெண் 10.2 (இந்த எண் கூடக் கூட மங்கல்). அது அவருக்கு எட்டும். 4571இன் பொலிவெண் 11.3, ஒளியும் பரவிக் கிடப்பது. மெசியர் கையிலிருந்த கருவிகளுக்கு அது நடக்கிற காரியமில்லை. அதைக் கண்டுபிடிக்க ஹெர்ஷலின் பெரிய தொலைநோக்கி வர வேண்டியிருந்தது.

வர்ணனையில் ஒரே ஒரு வகை மட்டும் தங்கம். பக்கத்து நட்சத்திரங்களைச் சொல்வது. ‘இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில்’, ‘தெற்கே ஒரு ஜோடி நட்சத்திரம்’ என்று இருந்தால், இடம் ஒரு பாகை தப்பியிருந்தாலும் ஆளைப் பிடித்துவிடலாம். கேலக்ஸிக்கு முகஜாடை இல்லை, அது நிற்கும் தெருவுக்கு இருக்கிறது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. இடம் தவறு என்று ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு எப்படி நடந்தது என்று தேடுவது.

எம்91ஐக் கண்டுபிடித்தது டெக்சஸைச் சேர்ந்த வில்லியம் வில்லியம்ஸ் என்ற அமெச்சூர், 1969இல். அவர் செய்த காரியத்தை நாமே ஒரு காகிதத்தில் செய்து பார்க்கலாம். மெசியர் தந்த எம்91இன் விலக்கம் 14 பாகை 57 கலை 6 விகலை. எம்58இன் விலக்கம் 13 பாகை 2 கலை 42 விகலை. கழித்தால் 1 பாகை 54 கலை 24 விகலை. வல ஏற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 23 விகலை. அந்தக் காலத்தில் இடம் குறிப்பது இப்படித்தான்: ஏற்கெனவே இடம் தெரிந்த ஒன்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, அதன் இடத்தோடு கூட்டுவது. எம்58 மெசியர் 1779இலேயே குறித்துவைத்தது, கைப்பழக்கமான இடம். அதிலிருந்து அளந்ததாகவே எண்கள் காட்டுகின்றன.

இப்போது அதே தூரத்தை எம்58க்குப் பதிலாக எம்89இலிருந்து அளந்து பாருங்கள். இன்றைய கணக்கில் எம்89இன் விலக்கம் 12 பாகை 33 கலை 23 விகலை. என்ஜிசி 4548இன் விலக்கம் 14 பாகை 29 கலை 47 விகலை. கழித்தால் 1 பாகை 56 கலை 24 விகலை. மெசியரின் அளவுக்கும் இதற்கும் 2 கலைதான் வித்தியாசம். வல ஏற்றத்திலும் அவர் அளவிலிருந்து 3 கலைதான் தள்ளி நிற்கிறது. ஆக, மெசியர் அன்றிரவு எம்89இலிருந்து சரியாகத்தான் அளந்திருக்கிறார். கூட்டும்போது அதை எம்58இன் இடத்தோடு கூட்டிவிட்டார். 1781 மார்ச் 18ஆம் தேதி அந்த ஓர் இரவில் எம்84 முதல் எம்92 வரை ஒன்பது பொருள்களைப் பதிவு செய்திருக்கிறார். அத்தனை மங்கல்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

இந்தப் பதிலை நான் நம்புவதற்குக் காரணம், ஒரே ஒரு தவறு எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது என்பதுதான். வல ஏற்றத்துக்கு ஒரு சாக்கு, விலக்கத்துக்கு வேறு சாக்கு என்று தேவைப்படவில்லை. இரண்டு தனித்தனித் தவறுகள் நடந்ததாக வைத்துக்கொண்டால்தான் பொருந்துகிறது என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் நான் எழுந்துவிடுவேன். இரண்டு தவறுக்கு அனுமதி கொடுத்தால் எதை எதோடு வேண்டுமானாலும் பொருத்தலாம்.

தவறுகளும் எண்ணற்றவை அல்ல. திரும்பத் திரும்ப அதே சில உருப்படிகள்தான். வல ஏற்றத்தில் ஒரு நிமிடம் கூடவோ குறையவோ எழுதுவது: நடுவரைப் பக்கத்தில் அது 15 கலை, நிலவின் பாதி அகலம், வடக்கே போகப் போகச் சுருங்கி 60 பாகையில் ஏழரைக் கலை. விலக்கத்தில் 10 கலை அல்லது ஒரு முழுப் பாகை தப்புவது. குறியை மாற்றுவது: ‘முந்துவது’ என்றால் மேற்கு, ‘பிந்துவது’ என்றால் கிழக்கு; இரவு மூன்று மணிக்கு, குளிரில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒன்றுக்கு இன்னொன்றை எழுதிவிடுவது கஷ்டமே இல்லை. மெசியரின் எம்47 அப்படிப் போனதுதான். 2 பப்பிஸ் என்ற நட்சத்திரத்திலிருந்து அளந்த தூரத்துக்குக் குறி மாறிவிட்டது. டிரையரும் அந்த வெற்றிடத்துக்கு என்ஜிசி 2478 என்று தனி எண் கொடுத்துவிட்டார். உண்மையான எம்47 என்ஜிசி 2422. அது கேலக்ஸி இல்லை, நட்சத்திரக் கூட்டம். ஆனால் நோய் ஒன்றுதான்.

இந்த வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. கன்னி, கோமா மாதிரிக் கேலக்ஸிகள் நெருங்கிக் கிடக்கும் இடங்களில், ஒரு நிமிடம் தள்ளினாலும் ஏதோ ஒன்றில் மோதும், பத்துக் கலை தள்ளினாலும் இன்னொன்றில் மோதும். அங்கே ‘தவறைக் கண்டுபிடித்துவிட்டேன்’ என்று துள்ளுவதற்கு முன் யோசிக்க வேண்டும். ஆளரவமற்ற இடத்தில் ஒரு நிமிடம் தள்ளி ஒரே ஒரு கேலக்ஸி இருந்தால் அது வேறு சங்கதி.

சந்தேகம் வரும்போது அதே இரவின் மற்றப் பதிவுகளைக் கேட்க வேண்டும். ஹெர்ஷலுக்கு இது ரொம்பவே பொருந்தும். அவர் தொலைநோக்கியை நடுக்கோட்டில், அதாவது தலை உச்சி வழியாக வடக்கு தெற்காகப் போகும் கோட்டில், வைத்து மேலும் கீழும் அசைப்பார், வானம் தானாக நகர்ந்து வரும். எதாவது தென்பட்டால் அவர் கத்துவார், தங்கை கரோலின் கடிகார நேரத்தையும் துருவத் தூரத்தையும் எழுதிக்கொள்வார். அந்த இரவின் எல்லாமே ஓரிரு நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்பட்டவை. நட்சத்திரம் தப்பினால் அதை நம்பியவை எல்லாம் ஒரே அளவு, ஒரே திசையில் தப்பும். ஆகவே ஒன்று காணாமல் போனால், முன்னும் பின்னும் உள்ளவை எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று பார்த்து அதே தூரம் இதையும் தள்ள வேண்டியதுதான். டிரையரே இதை உணர்ந்தவர். ஹெர்ஷலின் கட்டுரைகளைப் பதிப்பித்தபோது பழைய இரவுக் குறிப்புகளைத் திரும்பப் படித்து, 1912இல் தன் அட்டவணைக்குத் தானே ஒரு நீண்ட திருத்தப் பட்டியல் வெளியிட்டார்.

கூட்டாளியோடு சேர்த்துத் தேடுவதும் இதே இனம். சிம்மத்தில் எம்105க்குப் பக்கத்தில் என்ஜிசி 3384, 3389 என்று இரண்டு கேலக்ஸிகள். அட்டவணையில் 3371, 3373 என்றும் இரண்டு எண்கள் இருக்கின்றன. தனித்தனியாகத் தேடினால் தலைவலி. ஜோடியாக எடுத்துக்கொண்டால் விஷயம் புரிந்துவிடும்: 3371 என்பது 3384, 3373 என்பது 3389. ஒரே ஜோடிக்கு இரண்டு முறை எண் கொடுத்துவிட்டார்கள்.

ஆக எந்த வழி நல்லது என்பதற்கு என் பதில், கண்டுபிடித்தவர் யார் என்று முதலில் பாருங்கள் என்பதுதான். மார்சேயின் எத்வார் ஸ்டெஃபான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முதல் வழி. பக்கத்து நட்சத்திரத்திலிருந்து கவனமாக அளந்தவர். அச்சிட்ட இடத்தில் இருப்பதுதான் அவர் பார்த்தது. நீஸ் நகரில் 76 சென்டிமீட்டர் லென்ஸை வைத்துக்கொண்டு ஐசிக்கு ஆயிரத்துக்கும் மேல் சேர்த்த ஜாவெலும் அப்படித்தான். மால்டாவில் லாசெலின் 48 அங்குலத் தொலைநோக்கியில் 600 நெபுலாக்கள் கண்ட ஆல்பர்ட் மார்ட்டுக்கும் இடம் பெரும்பாலும் நம்பகமானது. வர்ணனைதான் கஞ்சத்தனம், அவரிடம் இரண்டாவது வழி செல்லாது.

பாரிஸின் பிகூர்தான் ஒரு விசித்திரம். நுண்ணளவிக் கருவியால் ஒப்பீட்டு நட்சத்திரத்திலிருந்து விகலைச் சுத்தமாக அளப்பார். ஆனால் ஒப்பீட்டு நட்சத்திரமே சில சமயம் வேறொன்றாக இருக்கும். நட்சத்திரத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் அவர் அளந்த இடத்துக்குக் கச்சிதமாகப் போய்விடலாம். போன பிறகு அங்கே ஒரு சின்ன நட்சத்திரம் மட்டும் உட்கார்ந்திருப்பதும், சில நேரம் அதுகூட இல்லாததும் அவருடைய தனிச்சிறப்பு.

லூயிஸ் ஸ்விஃப்ட் இதற்கு நேர் எதிர். ராச்செஸ்டரில் 16 அங்குல லென்ஸ், அறுபது வயதுக்கு மேலும் அசராத ஆர்வம், இடம் குறிப்பதில் அலட்சியம். என்ஜிசி 6 அவருடையது, 1885இல் பார்த்தது. உண்மையில் அது என்ஜிசி 20தான். அயர்லாந்தில் ராஸ் பிரபுவின் உதவியாளர் மிட்செல் 1857லேயே அதைப் பார்த்துவிட்டார். ஸ்விஃப்ட் தந்த வல ஏற்றம் தப்பியதால் அட்டவணையில் 14 எண் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் பொருள்களுக்கு அருகாமையைப் பார்க்காதீர்கள். நட்சத்திரம் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

எல்லாவற்றையும்விடச் சோதிப்பது வர்ஜீனியாவின் லியாண்டர் மெக்கார்மிக் ஆய்வகக் கோஷ்டி: ஓர்மண்ட் ஸ்டோன், லெவன்வொர்த், முல்லர். அருமையான 26 அங்குல லென்ஸ். அதனால் மிக மங்கலானவற்றையும் பார்த்துவிட்டார்கள். ஆனால் வல ஏற்றத்தில் ஒன்றிரண்டு நிமிடம் தப்புவது சாதாரணம். விலக்கம் அதைவிடப் பரவாயில்லை. இவர்கள் எண் ஒன்று மாட்டினால், விலக்கத்தை நம்பி, கிழக்கும் மேற்குமாக ஒரு நீளமான பட்டையில் தேட வேண்டும். குறுகிய அகலம், நீண்ட தூரம். வட்டம் போட்டுத் தேடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, தரவுத்தளத்தில் எண்ணைத் தட்டினால் வந்துவிடாதா என்று கேட்கலாம். வரும். ஸ்ட்ராஸ்பூரின் சிம்பாட், கால்டெக்கில் உள்ள நெட், லியோனின் ஹைப்பர்லெடா மூன்றும் பதில் சொல்லும். பொருள் ஒளிமிக்கதாக இருந்தால் மூன்றும் ஒரே பதில் சொல்லும், அப்புறம் கேள்வியே இல்லை. சிக்கலான எண்களில் மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒத்துப்போனாலும், ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். மூன்று சாட்சி என்று எண்ணிவிடக் கூடாது. தரவுத்தளம் பதிலைத் தரும், வழியைத் தராது. அதனால் தகராறான எண்களுக்கு நான் ஹரால்ட் கார்வின், வொல்ஃப்காங் ஸ்டைனிக்கே, ஸ்டீவ் காட்லீப் ஆகியோரின் குறிப்புகளைத்தான் திறக்கிறேன். இவர்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் பழைய பதிவுக்கே போய்ப் பார்த்து, ஏன் இந்தக் கேலக்ஸி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சில எண்களில் இவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். அங்கேதான் நமக்கு வேலை.

இன்னொரு வழியும் உண்டு, யாருக்கும் பிடிக்காதது: காலியாக விடுவது. ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி நகர்ந்துவிடுவது. பட்டியலில் ஓட்டை விழும், மனம் கேட்காது. ஆனால் தவறாக ஒட்டிய பெயரைப் பிய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். எல்லா எண்ணுக்கும் ஒரு கேலக்ஸி இருந்தே ஆக வேண்டும் என்று வானத்துக்கு யாரும் உத்தரவு போடவில்லை. இருவர் சமமாகப் பொருந்தினால் இரண்டையும் எழுதி, கேள்விக்குறி போட்டு, இன்றைய வல ஏற்றத்தையும் விலக்கத்தையும் பக்கத்தில் எழுதிவைத்தால் போதும்.

கடைசியாக, என் வழியே என்னைக் கைவிட்ட ஒரு வழக்கு: எம்102. கண்டுபிடித்தவர் மெசியரின் சகா பியர் மெஷேன். மெசியர் தானே சரிபார்க்க நேரமில்லாமல் பட்டியலின் கடைசியில் சேர்த்துக்கொண்டார். 1783 மே மாதம் மெஷேன் பெர்லினுக்கு எழுதிய கடிதத்தில், எம்102 என்பது எம்101தான், வரைபடத்தால் வந்த பிழை என்று கைகழுவிவிட்டார். கண்டவரே சொன்ன பிறகு பேச்சு ஏது? ஆனால் அச்சிட்ட வர்ணனை, ஓமிக்ரான் பூட்டிஸ், அயோட்டா டிராகோனிஸ் என்ற இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் என்கிறது. ஓமிக்ரானுக்கும் அயோட்டாவுக்கும் நடுவே நாற்பது பாகைக்கு மேல். அப்படி யாரும் இடம் சொல்ல மாட்டார்கள். அது தீட்டா பூட்டிஸாக இருக்க வேண்டும், அச்சில் கிரேக்க எழுத்து மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், அந்த நடுவில் எம்101 இல்லை, என்ஜிசி 5866 இருக்கிறது. அதோடு மெசியர் தன் பிரதியில் கையால் எழுதிவைத்த வல ஏற்றம் 14 மணி 40 நிமிடம். அன்றைய வானத்தில் 5866 அதற்குச் சரியாக 20 நிமிடம், அதாவது 5 பாகை, கிழக்கே இருந்தது. வரைபடத்தில் ஒரு கட்டம் தள்ளிப் படித்தால் வருகிற மாதிரியான ஒரே தவறு.

இரண்டு பக்கமும் என் விதிகளே நிற்கின்றன. கண்டவரின் சொந்த வாக்குமூலம் ஒரு பக்கம், ஒரே தவறில் எல்லாம் விளங்குவது மறுபக்கம். நான் 5866 பக்கம் சாய்கிறேன். மெஷேன் அந்தக் கடிதத்தை எழுதியது பார்த்து இரண்டு ஆண்டு கழித்து. வர்ணனை பார்த்த சூட்டில் எழுதியது. ஆனாலும் என் நோட்டில் ‘எம்102 = என்ஜிசி 5866’ என்பதற்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. தீட்டாவா ஓமிக்ரானா என்பது அச்சுக் கோத்தவருக்குத்தான் வெளிச்சம்.